பெயருக்குக் கீழே ஒரு வரி

“மாப்பிள்ளை பேருக்குக் கீழே இன்னா போடட்டும்ண்ணா?” என்று கேட்டுவிட்டு, கீபோர்டில் விரலை வைத்தபடி காத்திருந்தாள் அச்சகத்தில் டைப் அடிக்கும் அனுராதா.

திரையில் என் கல்யாணப் பத்திரிகை. முருகன் படம், முகூர்த்தம், மலைமேல் தாலி கட்டுவது, கீழே மண்டபத்தில் சாப்பாடு, எல்லாம் ஏறிவிட்டது. ‘கதிரவன், டி.எம்.இ.’ என்பதற்குக் கீழே மட்டும் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது.

“கார் கம்பெனின்னு போடும்மா. பேரை நான் சொல்றேன்,” என்றார் ராஜகோபால் மாமா. தாய்மாமன். பத்திரிகை அடிக்கிற பொறுப்பு அவருடையது.

வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன்.

நான் வேலை செய்வது கார் கம்பெனியில்தான். ஆனால் கம்பெனி ஆள் இல்லை. ஏஜென்சி ஆள். சம்பளம் போடுவது ஏஜென்சி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லப்போவதும் ஏஜென்சிதான்.

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன்.

கம்பெனி பெயரைப் போட்டால், அங்கே ஒருவர் கண்ணில் பட்டாலும் போச்சு. என்னோடு நின்ற இன்னொரு ஏஜென்சிப் பையன், அரசு என்று பெயர், போன தையில் கல்யாண பேனரில் கம்பெனி பெயரைப் போட்டான். யாரோ அதைப் போட்டோ எடுத்து மேலே அனுப்பினார்கள். தாலி கட்டிய கையோடு அவனுக்கு மெசேஜ் வந்தது, வேறு இடம் பார்த்துக்கொள் என்று.

ஏஜென்சி பெயரைப் போட்டால் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றுமே போடாமல் விட்டால், பையன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று தெருவே பேசும்.

“பேரு மட்டும் போதும் மாமா. அதெல்லாம் யாரு நின்னு படிக்கறாங்க.”

“ஏன், நீ படிக்கல? எவன் வூட்டுப் பத்திரிகை வந்தாலும் மொதல்ல அதைத்தானேடா பார்க்கற.”

அனுராதா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஏஜென்சியை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். டிப்ளமோ முடித்துவிட்டு, எவனும் கூப்பிடாமல் அலைந்த காலத்தில், ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுநாளே வேலையில் நிறுத்தியவர்கள் அவர்கள். சம்பளம் தேதி தவறியதில்லை. ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒரே வேலைதான் தெரிந்திருக்கும். இன்றைக்கு எனக்கு கியர்பாக்ஸும் தெரியும், கம்ப்ரஸரும் தெரியும்.

தெரிந்து என்ன. எங்கே போனாலும் புது ஆள். பக்கத்தில் நிற்கிறவனும் நான் முறுக்குகிற அதே போல்ட்டைத்தான் முறுக்குகிறான். அவன் சட்டையில் அவன் பெயர் தைத்திருக்கும். என் சட்டையில் ஏஜென்சி பெயர். “ஏ ஏஜென்சி, இங்க வா” என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு மாதம் ஆனால், நிரந்தரம் கேட்டுவிடக்கூடாதென்று நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்து வேறு டோக்கன் நம்பரில் சேர்த்துக்கொள்வார்கள். அந்தக் கொஞ்ச நாள் நான் கடைத்தெருப் பக்கமே போவதில்லை.

பெண் வீட்டில் நான் பொய் சொல்லவில்லை. சொன்னது பஸ். தினமும் பைபாஸில், கம்பெனி பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறுகிறேன். தரகர் அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிப்பட்டில் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பெண் பார்க்கப் போனபோது சினேகாவின் அப்பா ஜெகநாதன், “தம்பி கம்பெனி பஸ்லதான் போவுதாமே?” என்று கேட்டார்.

“ஆங்,” என்றேன்.

“எங்க பொண்ணும் கம்பெனி பஸ்லதான் போய்க்கினு வந்துகினு இருக்குது. செல்போன் கம்பெனி,” என்றார்.

அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் ஒருவருக்காவது நிலையான வேலை. என்னை நாளைக்கே நிறுத்தினாலும் அடுப்பு எரியும். நாளைக்கு ஒரு குழந்தை என்றாலும் பயமில்லை. அந்தத் தைரியத்தில்தான் தாம்பூலம் மாற்றச் சம்மதித்தேன். என் விஷயத்தை அவளிடம் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

“சரி, நீ முழிச்சிக்கினே இரு. மொதல்ல பொண்ணுதை முடிச்சிடலாம், அவங்களாவது தெளிவா சொல்லுவாங்க,” என்று மாமா ஜெகநாதனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“சம்பந்தி, பத்திரிகை அடிக்கிற எடத்துல கீறோம். பொண்ணு பேருக்குக் கீழே கம்பெனி பேரு போடணும். இன்னான்னு சொல்லுங்க.”

அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“பேரு மட்டும் போதுங்க சம்பந்தி,” என்றார் ஜெகநாதன். “அதெல்லாம் யாரு நின்னு படிக்கறாங்க.”

மாமா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பெரிய மனுசன்டா. பொண்ணு வேலையைப் பத்தி ஒரு பெருமை பேசறாரா பாரு.”

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரும் பஸ்ஸைத்தான் சொன்னார்.

“எனக்கும் ஒண்ணும் வேணாம்மா. அப்படியே விட்டுடு,” என்றேன். இந்தத் தடவை மாமா மறுக்கவில்லை. சம்பந்தியே சொன்னபிறகு அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

அனுராதா அந்த வரியை எடுத்துவிட்டாள். மின்னிக்கொண்டிருந்த கோடும் போயிற்று.

“கீழே ரொம்பக் காலியா தெரியுதுண்ணா,” என்றவள், எங்கள் இரண்டு பேர் பெயரையும் பெரிதாக்கி அந்த இடத்தை நிரப்பினாள்.