கேபினுக்குள் ஒரு சத்தம்

"ரப்பர் மாத்தினதுக்கு அப்புறம்தான் தம்பி சத்தம் தாங்க முடியல!"

டிராக்டரம்மா இப்படிச் சொன்னதும் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி அவன் காலிலேயே விழுந்தது. வலியை விடப் பெரிய கவலை அவனுக்கு. பட்டறையில் இன்னும் இரண்டு டிராக்டர்காரர்கள் காத்திருந்தார்கள். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்திலேயே பெரிய டிராக்டர் அந்த அம்மாவுடையது. நூற்றிருபது குதிரைத்திறன், சுற்றிலும் கண்ணாடி போட்ட கேபின். ஓட்டுவதும் அவர்தான். கணவர் பக்கத்தில் இருக்கும் சின்ன இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து வருவார். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கேபினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் கல்லாக இறுகியிருந்தன. வண்டி கிளம்பினால் பல் ஆடும். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"எல்லாத்தையும் மாத்திட்டா, வீட்டுக் கூடத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கும்க்கா" என்று போன வாரம் மார்தட்டியவன் மெக்கானிக்தான். மூன்று நாள் மெனக்கெட்டான். கேபின் கட்டைகள், கதவு ரப்பர், ஒயர் நுழையும் ஓட்டைகளுக்கான வளையங்கள், கியர் தண்டின் உறை என்று ஒன்று விடாமல் மாற்றினான். இப்போது இப்படி ஒரு புகார்.

"எப்படிப்பட்ட சத்தம்க்கா?"

டிராக்டரம்மா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தார். அவர் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். பட்டறையில் யார் என்ன கேட்டாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

"நொய் நொய்னு, விடாம" என்றார் டிராக்டரம்மா, குரலைத் தாழ்த்தி.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். காதுகிட்டயே."

"எப்ப அதிகமாகுது?"

"வண்டியத் திருப்பறப்ப. ரிவர்ஸ் எடுத்தா உயிரே போகுது. எதிர்ல யாராவது வந்துட்டா இன்னும் மோசம்."

எதிரில் ஆள் வந்தால் சத்தம் போடும் ரப்பரை மெக்கானிக் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"இடையில நிக்குதா?"

"மத்தியானம் சாப்பிட்டப்புறம் அரை மணி நேரம் நிம்மதி."

"அது... உச்சி வெயில்ல ரப்பர் கொஞ்சம் இளகும்க்கா" என்றான், தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தான். காகிதம் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. அவ்வளவு இறுக்கம். பிறகு தானே இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டு டிராக்டரம்மாவை ஓட்டச் சொன்னான். பட்டறைக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தை இரண்டு முறை சுற்றினார்கள். திருப்பினார்கள். ரிவர்ஸ் எடுத்தார்கள். எஞ்சினின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது.

"ஒண்ணுமே கேட்கலையேக்கா!"

"இப்பக் கேட்காது. நீ இறங்கினதும் வந்துடும்."

மெக்கானிக்குக் காது சிவந்தது. தன்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தான். அதற்குள் காத்திருந்தவர்களில் ஒருவர், "நம்ம வண்டிக்கு ரப்பர் இன்னொரு நாள் பாத்துக்கலாம்பா" என்று நைசாகக் கிளம்பிவிட்டார். இன்னொருவரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நின்றார். இப்படியே போனால் பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

"ஒரு வழி இருக்கு" என்றான். தன் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு இருக்கைக்குப் பின்னால் செருகினான். "மாமாவோட எப்பவும் போறபடியே போயிட்டு வாங்க. திருடன் எங்கே ஒளிஞ்சிருக்கான்னு பாத்துடலாம்."

கணவர் சிரித்தபடி ஏறிக்கொண்டார். வண்டி நிலத்தைச் சுற்றியது. மெக்கானிக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்ததும் கணவர் இறங்கிப் பட்டறைக்குப் பின்பக்கம் போனார். மெக்கானிக் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். எஞ்சின் முனகியது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. தெள்ளத் தெளிவாக.

"மெதுவா... மெதுவா... பள்ளம்... பள்ளம்னு சொல்றேன்ல? கண்ணாடியப் பாரு. அந்தக் கண்ணாடி இல்ல. இப்பத் திருப்பு. இப்ப இல்ல, இப்ப! ரிவர்ஸா? இரு, நான் சொல்றேன். வா, வா, வா, வா... வராதே!"

மெக்கானிக் வாய் பிளந்து நின்றான்.

டிராக்டரம்மா பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டார். "நாலு வருஷமா ஏதோ பாட்டு முணுமுணுக்கறாருன்னு நெனச்சுத் தலையாட்டிக்கிட்டு வந்தேன் தம்பி. உன் புண்ணியத்துல இப்பதான் தெரிஞ்சுது. அந்தப் பழைய ரப்பரை இன்னும் தூக்கிப் போடலையே?"

மெக்கானிக் பின்பக்கத்துக் குப்பைக் குவியலுக்கு ஓடினான்.

அங்கே டிராக்டரம்மாவின் கணவர், வெடித்துப்போன கதவு ரப்பரைத் தோளில் போட்டுக்கொண்டு, குவியலுக்குள் கேபின் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இதையே திருப்பி மாட்டிடு மாப்ள, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே" என்றார். "நாலு வருஷமா நான் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கிட்டு இருந்தவ, இப்ப ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றா!"