ஏழு பேருக்கும் ஒரே மூஞ்சி

"மாப்ள, உன் பாடாலூர் டீம்ல ஏழு பேருக்கும் ஒரே மூஞ்சிடா. அத்தனை பேரும் ஒரே பிரசவத்துல பொறந்தவனுங்களா?"

கணவன் தமிழழகன் போனில் சிரித்தது, அடுப்படியில் இருந்த சத்யப்பிரியாவுக்குச் சுருக்கென்றது.

மறுமுனையில் அவளுடைய தம்பி அறிவரசன். சென்னை வேலையை விட்டுவிட்டு, திருமானூர் வீட்டில் உட்கார்ந்து நாலு வருஷமாக ஒற்றை ஆளாய் உருவாக்கிய கபடி வீடியோ கேம் நேற்றுதான் வெளியாகியிருந்தது. செல்போனிலேயே ஆடலாம். இது ஓடினால் இதுவே தொழில், ஓடாவிட்டால் பழைய வேலைக்கே போய்விடுவது என்று சொல்லியிருந்தான்.

சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று முழுக்கப் பாராட்டு மழை. 'அருமை தம்பி', 'கலக்கிட்ட மாப்ள'. சத்யப்பிரியாவும் அஞ்சு நட்சத்திரம் கொடுத்து, கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டிருந்தாள்.

தமிழழகன் மட்டும் குரூப்பில் வாயே திறக்கவில்லை. எல்லாம் நேரே போன்தான்.

"அப்புறம் மாப்ள, ஓரமா ஓடினவன் கோட்டைத் தாண்டிப் போயி சனத்துக்கு நடுவுல நிக்கிறான். அவனுக்குப் பாயிண்ட் வேற குடுக்குற."

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். அவன் போனை வைத்தான்.

"எப்ப வருது, எப்ப வருதுன்னு நாலு வருஷமா அவனை நச்சரிச்சதே நீங்கதான். வந்ததும் இப்படிப் பேசுறீங்களே."

"காத்துக் கிடந்தவனுக்குத்தான் மனசு ஆறாது. கேம்ல மூச்சு விட்டவன் இன்னும் 'கபடி கபடி'ன்னு பாடிக்கிட்டே இருக்கான். கோட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம எவன் பாடப் போவான், சொல்லு? மூட்டு போற வரைக்கும் ஆடினவன்டி நான்."

"உங்களைத் தவிர எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"சொல்லிட்டுப் போகட்டும். கடைசி மேட்ச் முடிக்காம நான் விடமாட்டேன்."

"டைல்ஸ் கடைக்கு லீவு போட்டுட்டு உக்காந்து குத்தம் கண்டுபிடிக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

அவனுடைய கட்டைவிரல் இரண்டும் மறுபடி திரையில் ஓடின.

சத்யப்பிரியா கொல்லைப் பக்கம் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மாமா பேசினதை மனசுல வச்சுக்காதடா. யாரையாவது நொட்டை சொல்லாட்டி அவருக்குச் சோறு இறங்காது."

"இல்லக்கா, அவர் சொல்றது அத்தனையும் நெசம். நான்தான் அவசரப்பட்டு விட்டுட்டேன்."

"அப்ப மறுபடி மெட்ராசுக்கா?"

"நேத்து அப்படித்தான் நெனச்சேன். துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சுட்டேன். இப்ப போறதா இல்ல. ஒவ்வொண்ணா உக்காந்து சரி பண்ணப் போறேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி."

அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்படிச் சொல்லு. அவர் ஒருத்தரை விடு. நாங்க இத்தனை பேரு ரசிச்சு ஆடினோமே, அது போதாதா உனக்கு?"



"அக்கா, யாரு எதுவரைக்கும் ஆடியிருக்காங்கன்னு இங்க என் கம்ப்யூட்டர்ல தெரியும். நம்ம சொந்தத்துல பாதிப் பேரு டவுன்லோடே பண்ணல. மீதிப் பேரு ரெண்டு ஆட்டத்துல அழிச்சுட்டாங்க. நேத்துலேருந்து விடாம ஆடிக்கிட்டிருக்கிறது மாமா ஒருத்தர்தான். அவருக்காகத்தான் பையைப் பிரிச்சேன்."

"டேய், நான்கூட..."

"நீ உள்ள போயி பேரைப் போட்டதோட சரிக்கா. டாஸ்கூடப் போடல."