முடி கொட்டுகிற பூனை

பிள்ளையாருக்குச் சாத்தியிருந்த அருகம்புல் மாலையில் பாதியைத் தின்றுவிட்டு, துரை கூடத்தின் நடுவில் நின்று குமட்டியது.

துரை என்பது பூனை. திருச்சியில் வாங்கிய பெர்சியன் பூனை.

வந்து விழுந்தது ஒரு முடி உருண்டை. ஈரமாக, விரல் நீளத்தில், புல்லோடு சேர்ந்து. விழுந்த இடம் பெரியம்மாளின் காலடி.

பெரியம்மாள், வெற்றிச்செல்வியின் மாமியார் பொன்னுத்தாய்க்கு அக்கா. கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி வந்து, காபி ஆறுவதற்குள் விசேஷம் உண்டா என்று கேட்டுவிடுகிறவள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெற்றிச்செல்வியின் வயிற்றைப் பார்த்தே பேசிப் பழகியவள். வெற்றிச்செல்விக்கு ஒரு முகம் இருப்பது அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, பெரியம்மாள் அந்த உருண்டையை ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மா மாதிரி உற்றுப் பார்த்தாள்.

"இதேதாண்டி ஒம் மருமவ வயித்துலயும் சுருண்டு கெடக்கும். பூனமுடி உள்ள போனா புள்ள எப்புடித் தங்கும்?"

பொன்னுத்தாய்க்கு இது புதிய செய்தி இல்லை. பூனை வந்ததிலிருந்து அவளும் இதைத்தான் சொல்லி வருகிறாள். சோற்றில் முடி, தலையணையில் முடி, குத்துவிளக்குத் திரியில்கூட முடி. அந்தப் பெண் தினமும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பூனைக்குத் தலை சீவினால் வேறு என்ன நடக்கும்? உடையார்பாளையத்தில் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் இந்த விஞ்ஞானம் மனப்பாடம்.

பூனை வருவதற்கு முன்னால் அதே வரிசையில் பொன்னுத்தாய் வேறு ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் காதில் விழட்டும் என்றே சொன்ன வார்த்தை அது.

வெற்றிச்செல்வி பழைய துணியால் உருண்டையைத் துடைத்து எடுத்தாள். பூனை தன்னை நக்கும்போது முடியை விழுங்கிவிடும், புல்லைத் தின்று அதைக் கக்கும், கக்கிவிட்டால் நல்லதுதான். இதை இந்த இரண்டு பேருக்கும் எடுத்துச் சொல்வதற்குப் பதில், துரையிடமே சொல்லலாம். அதுவாவது கொஞ்சம் காது கொடுக்கும்.

பொன்னுத்தாய் மகனைக் கூப்பிட்டு, முந்திரிக்கொட்டைச் சாக்கை எடுத்துவரச் சொன்னாள்.

எதற்கென்று யாரும் கேட்கவில்லை. வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி, திசை தெரியாதபடி நன்றாகச் சுழற்றி, முந்திரிக்காட்டில் கொண்டுபோய் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நாட்டுப்பூனை என்றால் எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும். கிண்ணத்தில் தின்று வளர்ந்த துரை, காட்டு நாய்களுக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது.

"பூன தொலையட்டும், தை வரைக்கும் பாப்பம். அப்பயும் ஒண்ணுமில்லன்னா அக்கா சொல்ற எடத்துல வேற பொண்ணு பாத்துர வேண்டியதுதான்" என்றாள் பொன்னுத்தாய். எருமை பால் கொடுக்காவிட்டால் சந்தையில் மாற்றிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிற குரல்.

வெற்றிச்செல்வி புருஷனைப் பார்த்தாள்.

ரஞ்சித்குமார் சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர். அங்கே அவன் போடுகிற அதட்டலில் லாரி டிரைவர்கள் நடுங்குவார்களாம், அவனே சொல்லியிருக்கிறான். வீட்டில் அம்மா இருமினால் எழுந்து நிற்பான்.

இப்போதாவது பேசுவான் என்று அவள் ஒரு நிமிடம் நம்பினாள். அந்த நம்பிக்கையை நினைத்து அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

அவன் துரையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிச் சாக்குக்குள் போட்டான். முடிச்சை இறுக்கிக்கொண்டே, இந்தச் சனியன் ஒழிந்தால்தான் இந்த வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கும் என்றான்.

அம்மாவுக்காக நடிக்கவில்லை. கேட்டுக் கேட்டு அவனே நம்பிவிட்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு தீவிரம்.

கையில் இருந்த முடி உருண்டையைவிட அவன்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தான்.

அவன் சாக்கைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து வண்டியைக் கிளப்பியபோது, அவள் வாசலுக்குப் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"போயிட்டு வாங்க. நீங்க வர்றதுக்குள்ள, திருச்சில டாக்டர் சொன்னத அத்தைகிட்ட சொல்லி முடிச்சிடுறேன்" என்றாள்.

டாக்டர் சொன்னதில் சுற்றி வளைத்தது எதுவும் இல்லை. அவளுக்கு ஒரு குறையும் கிடையாது, குறை அவனுக்குத்தான். அவனால் பிள்ளை பிறக்க வழியில்லை.

அன்று பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மாவுக்குத் தெரிந்தால் உயிரோடு இருக்க மாட்டேன் என்றான். சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். ஆனால் மலடி என்று ஊர் சொல்கிற அந்த வார்த்தையை ஆயுளுக்கும் தானே சுமப்பதாகச் சொல்லவில்லை. சுமக்க வேறு ஏதாவது வேண்டியிருந்தது.

பஸ் ஏறாமல் நேரே செல்லப்பிராணிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் முடி அதிகம் கொட்டாத பூனைகளாகப் பார்த்துக் காட்டினார். அதெல்லாம் வேண்டாம், இருப்பதிலேயே அதிகமாகக் கொட்டுவது எது என்று கேட்டு வாங்கினாள். தினமும் சீவிவிடச் சொல்லி அவர் கொடுத்த சீப்பையும் வாங்கிக்கொண்டாள். பூனை என்ன பாவம் செய்தது. சீவுகிற இடத்தை மட்டும் நடுக்கூடம் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

வண்டி உறுமுவது நின்றது.

ரஞ்சித்குமார் இறங்கினான். அவசரத்தில் முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து இழுத்தான். துரை வெளியே குதித்து, அவன் பேண்ட் முழுக்க முடியை அப்பிவிட்டு உள்ளே ஓடியது.

"ஏண்டா, என்னாச்சு?" என்று பொன்னுத்தாய் கூடத்திலிருந்து கத்தினாள்.

அவன் வெற்றிச்செல்வியைப் பார்க்காமல், பேண்டைத் தட்டிக்கொண்டே பதில் சொன்னான்.

"பாவம்மா, வாயில்லா ஜீவன். இருந்துட்டுப் போவட்டும்."