மெம்பர் கொண்டுவந்த ஆப்பிள்

"மெம்பர் வாறாரு!" ஒடிந்த கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர் கிஷாந்த்.

பிரதேச சபை மெம்பர் ராஜமணி சொன்னாரென்று, தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கட்சிக் கொடி நடப் போனவர். தடுக்க வந்த மற்றக் கட்சிக்காரன் தனுஷனின் மண்டையை அந்தக் கொடிக்கம்பத்தாலேயே உடைத்துவிட்டார். அந்த அடிதடியில் இவர் கையும் ஒடிந்தது. இப்போது இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்.

"ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன அடிச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"மெம்பருக்காக உயிரையே குடுப்பேன். நீ வாய மூடு!"

மெம்பர் ஆப்பிள் பையும் கெமராக்காரனுமாக உள்ளே வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், தனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துதான் தம்பி உங்க கட்சியில சேர்ந்தேன். இனிமே நீ நம்ம ஆளு. ஒன்னைய அடிச்ச நாய் எவன்? பேரச் சொல்லு, இன்னைக்கே பொலிஸ்ல புடிச்சுக் குடுக்கிறேன்."

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டார்.

தனுஷன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"அடிச்சவன் மொகத்த நான் பாக்கலைங்க. அவன ஏவிவிட்ட நாய்தான் இப்ப ஆப்பிளோட வந்து நிக்குது!"