கிரீஸ் கை

"சரவெடி வேணாம்டா. எங்க நைனாவுக்கு வெடின்னாலே ஆவாது, தெரியுமில்ல?" என்று தோஸ்து வெற்றியின் கையைப் பிடித்துக்கொண்டான் திலீப்.

காசிமேட்டில் வெடி இல்லாத சாவு ஊர்வலம் உண்டா என்ன? ஆனாலும் வெற்றி மறுக்கவில்லை. எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டைக்குப் போய்வந்து, படகு இன்ஜின் பட்டறை வைத்த திலீப்பின் அப்பா தனபாலுக்காக அந்தத் தெரு தீபாவளிக்குக்கூட வெடித்ததில்லை. பக்கத்துத் தெருவில் வெடித்தாலே போதும், பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வார்.

"குண்டுக்குப் பயப்படாத மில்ட்ரி, வெடிக்கு ஓடுது பார்!" என்று கிண்டல் செய்தால், "ஆமாம்பா, பயம்தான்" என்று சிரிப்பார்.

தனபாலின் உடல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முத்தம்மா நிமிர்ந்தாள்.

"கொளுத்துடா வெற்றி."

"எம்மா, நைனா பயப்படுவாரே..."

"ஒங்க நைனாவா பயந்தாரு? பயந்தவ நான்டா. எங்கண்ணன் வெடிக் குடோன்ல கருகிப் போனதுலேர்ந்து சத்தம் கேட்டாலே எனக்கு ஒடம்பு ஒதறும். ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னு அந்தப் பேரை அவரு வாங்கிக்கினாரு. ஓடியாந்து என் காதைத்தான் பொத்துவாரு. தீபாவளின்னா என் காதெல்லாம் அவரு கை கிரீஸாத்தான் இருக்கும். இன்னிக்காவது அந்த மனுஷன் மில்ட்ரிக்காரரா போவட்டும்."

திரி பற்றியது. முத்தம்மா சட்டென்று குனிந்து, நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டியிருந்த அவர் கைமேல் ஒரு காதை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு காதைத் திலீப் பொத்தினான்.