பகலில் கிடைக்காத லைன்

"சாயங்காலம் கிடைக்கு. பகல்ல கிடைக்க மாட்டேங்கு. இதென்ன தம்பி கூத்து?"

பட்டாசுக் கம்பெனி முதலாளி நல்லசிவம் செல்வக்குமாரிடம் கேட்டார்.

அவன் விருதுநகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். செல்போன் எல்லார் கையிலும் வந்திராத 2001ஆம் வருஷம் அது. ஆமத்தூர் ரோட்டில் கம்பெனி. சிவகாசி ஊர் எல்லையில் முதலாளி வீடு. வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கம்பெனி நம்பருக்கு போன் போட்டால், அங்கே இருக்கும் மோடம் எடுத்து, ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்த்துவிட வேண்டும். ஆர்டர், ஸ்டாக் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்குத்தான் அவனை வரவழைத்திருந்தார்.

செல்வக்குமார் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தான். முதல் மணியிலேயே மோடம் எடுக்கும்படி வைத்துப் பார்த்தான். வெயில் சூட்டில் லைன் கெடுகிறதோ என்று சந்தேகப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஜோராக வேலை செய்தது. திங்கட்கிழமை காலையில் மறுபடி படுத்துவிட்டது.

மண்டை காய்ந்து போய், கடைசியில் சொன்னான்.

"பகல்ல யாரோ வயரைப் பிடுங்குறாங்களோன்னு தோணுது அண்ணாச்சி."

"யாரோ என்ன யாரோ? ஆபீஸ்ல இருக்கது கற்பகவல்லி ஒருத்திதான்." நல்லசிவம் குரலைத் தணித்தார். "கணக்குல என்னமோ தில்லுமுல்லு பண்ணுதா. வீட்லருந்து நான் பாத்துருவேன்னு பயம். நீ அங்கனயே உக்காந்து கவனி. கையும் களவுமா மாட்டட்டும், இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருதேன்."

சொல்லிவிட்டு லோடு ஏறுவதைப் பார்க்க உள்ளே போனார்.

செல்வக்குமார் மோடம் வயரைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு, ஆபீஸ் மூலையில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு நோண்டுகிற மாதிரி உட்கார்ந்தான். கற்பகவல்லி பில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீகளா தம்பி?"

"ஆச்சுக்கா." அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இவளா தில்லுமுல்லு பண்ணுகிறாள்?

அப்போது எங்கோ தொலைவில் 'டம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

கற்பகவல்லி எழுந்து ஜன்னலுக்கு ஓடினாள். வேலை நடக்கிற அறைகளை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி வந்து, அவன் கண் முன்னாலேயே, மோடத்தின் வயரைப் பிடுங்கி டெலிபோனில் சொருகினாள்.

"என்னக்கா இது! அப்ப நீங்கதானா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"நீங்களே எடுங்க."

எடுத்தான். மூச்சிரைக்க ஒரு பெண் குரல். "அய்யா, சத்தம் கேட்டுச்சே... நம்ம கம்பெனியா? எம்மக பாண்டிலட்சுமி அங்கதான்யா இருக்கா!"

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கற்பகவல்லியைப் பார்த்தான்.

"நம்ம கம்பெனி இல்லன்னு சொல்லுங்க. கல்குவாரி வெடியா இருக்கும். பாண்டிலட்சுமி இந்தா, தண்ணித் தொட்டிகிட்ட நிக்கா."

அப்படியே சொன்னான். மறுமுனையில் கேட்டது அழுகையா சிரிப்பா என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

"எங்க சத்தம் கேட்டாலும் இப்படித்தான் தம்பி," என்றாள் கற்பகவல்லி. "வேலைக்கு வாரவுக வீட்ல எல்லார்கிட்டயும் இந்த ஒரு நம்பர்தான் இருக்கு. நீங்க மோடம் மாட்டின மறுநாளும் ஒரு சத்தம். கூப்பிட்டவுக காதுல 'கீ...'ன்னு மோடத்தோட ஊளை விளுந்திருக்கு. கம்பெனியே போச்சுன்னு நெனைச்சு, மாசமா இருக்க பிள்ளை ஒருத்தி வேகாத வெயில்ல ஓடியே வந்துட்டா. அன்னையிலருந்து காலையில பிடுங்கிருவேன். ஆளுகளை ஏத்திக்கிட்டு வேன் கிளம்பினதும் மாட்டிருவேன்."

"முதலாளிகிட்ட சொல்லலாம்ல?"

"சொல்லாம இருப்பனா? விபத்துங்கிற பேச்சை எடுத்தாலே, சீசன் நேரத்துல அபசகுனமா பேசாதேன்னு எரிஞ்சு விளுதாக."

மறுபடி மணி. அப்புறம் இன்னொன்று. செல்வக்குமாருக்குப் பதில் மனப்பாடம் ஆகிவிட்டது. இன்னொரு போனை எடுக்கும்போது நல்லசிவம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, மாட்டினாளா?"

பொறுங்கள் என்று கையைக் காட்டினான். காதில் நடுங்குகிற குரல்.

"சத்தம் கேட்டுச்சே அய்யா... அவுக உள்ளதான் இருக்காக... நல்லா இருக்காகளா?"

"ஒண்ணுமில்லம்மா. நம்ம கம்பெனி இல்ல. யார் வீட்டுலருந்து பேசுறீங்க?"

"முதலாளி வீட்டுலருந்துதான்யா பேசுதேன்."

செல்வக்குமார் போனை அப்படியே நீட்டினான். "உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

"யாரு, ஆவுடைத்தாயா? ஏ, எதுக்கு அளுதே? நான் நல்லாத்தான் இருக்கேன்... ஆமாங்கேன்... நெசமாத்தான்." திரும்பத் திரும்ப அதையே சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

போனை வைத்தார். வயர் இல்லாமல் கிடந்த மோடத்தைப் பார்த்தார். கற்பகவல்லியைப் பார்த்தார்.

மறுபடி மணி அடித்தது. அவள் கை நீட்டுமுன் நல்லசிவமே எடுத்தார்.

"நம்ம கம்பெனி இல்லம்மா... யாரு, மணிமுத்து வீட்டுலயா? அளாதீக தாயி. இந்தா, நானே போய் அவரைக் கூட்டியாரேன். அவர் வாயால கேட்டுக்கிடுங்க."