முத்திரையை எடுத்துவிட்டார்கள்

எங்கள் கபடி அணி மூன்று வருடமாக, 'இவள் எங்களுக்கே' என்று என் மேல் முத்திரை குத்தி வைத்திருந்தது. முத்திரை இருந்தால் வேறு அணியோடு பேசவே கூடாது. ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்குத்தான். "உன்னை விட மனசு வரலம்மா" என்பார் மேனேஜர்.

இன்று காலை முத்திரையை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் கணவர் செல்வின் தெருவுக்கே லட்டு கொடுத்தார். என்னை எடுக்கக் காத்திருந்த அணிக்கு நானே போன் போட்டு, ஐந்து வருட ஒப்பந்தம் கேட்டேன்.

"உங்க வலது முழங்கால் அடுத்த மாசம் போயிடும்னு உங்க ஜெர்சியில இருக்கிற சென்சார் ரிப்போர்ட் சொல்லுதேம்மா. உங்க டீம் போன வாரமே பார்த்துட்டாங்களே, சொல்லலையா?" என்றார் போனை எடுத்தவர்.

காலை உதறிப் பார்த்தேன். துளி வலியில்லை.

"செல்வின், மிச்ச லட்டைக் கட்டுங்க" என்றேன். "மேனேஜர் வாயில நானே திணிச்சிட்டு வரேன். கால் இருக்கும்போதே போயிடணும்."